சேனை

புதுவயல் மில்லுக் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே
ஏழாம் மாதம் வரை நடந்தேன்.
ஒரு மணியைப் பல்லில் வைத்தால் போதும்,
காய்ச்சல் பதம் சொல்லிவிடுவேன்.

மாத்திரை டப்பா குலுங்காமலிருக்க உள்ளே பஞ்சு.
லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து
உரித்தது சேவுகன்.
ராத்திரி ஒன்பதுக்கு அவன் போன் அடிக்கும்,
கூடவே என் போனும்.
"புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே சத்துக் குறைவா?"
என்பாள் நாத்தனார் பூமயில்.
சிரித்துக்கொண்டே விழுங்குவோம்.

சிவகங்கையில் பெற்றேன்.
காரைக்குடி பக்கம்தான்,
அங்கே தெரிந்த முகங்கள் அதிகம்.

சங்கில் சர்க்கரைத் தண்ணியோடு
கட்டிலோரம் வந்தாள் சின்ன மாமியார் வெள்ளையம்மாள்.
சேனை தொட்டவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம்.
அவளோ அதிர்ந்து பேசாதவள்,
ஊரே கூப்பிட்டுத் தொடச் சொல்லும் விரல்.

பிள்ளையை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.
"தாய்ப்பால் மட்டும்தான், சின்னத்தை.
ஆறு மாசம். தண்ணிகூடக் கிடையாது."

"ஏன், என் விரல்ல விஷமா இருக்கு?"

சங்கை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.
சாயங்காலத்துக்குள் எறும்பு வந்துவிட்டது.

வேறெதுவும் கலக்கக் கூடாது என்று
நம்பிக்கை மையத்து ஆரோக்கியசெல்வி
மூன்று தடவை சொல்லியிருந்தாள்.
அதை இவளிடம் எந்த வாயால் சொல்ல?
திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டேன்.
இருந்ததிலேயே மலிவான பேர் அதுதான்.

என்னிடமிருந்து எது வர வேண்டும்,
எது வரக் கூடாது என்று
தினமும் காலையில்
பிள்ளையின் கடைவாயில் சொட்டுமருந்து விடும்போது
ஒரு நிமிஷம் கை நிற்கும்.

ஒன்றரை மாதத்தில் குதிகாலில் குத்தினார்கள்.
அட்டையில் ஐந்து வட்டம்,
ஐந்தும் நிரம்ப வேண்டும்.
அவள் வீறிட வீறிட
எனக்குப் பால் இறங்கி ரவிக்கை நனைந்தது.
இதற்கு மட்டும்
யோசிக்கத் தெரியாது.

"வெயில் படக் கூடாது, நிழல்லதான் காயணும்"
என்றாள் நர்ஸ்.
நான் எழுந்து போகவில்லை.
சிவப்பு பழுப்பாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
பதம் தெரியாத ஒன்றை
முதல்முறையாக.

திரும்பும் பஸ்ஸில், கல்லல் தாண்டும்போது
சேவுகன் கேட்டான்:
"சேனையே தொடாத பிள்ளைக்கு
யார் குணம்டி வரும்?"

முந்தானையை விலக்கிக் காட்டினேன்.
கண்ணை இறுக மூடி
ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு
கோபமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்,
பாக்கி வைக்காமல்.