பேர்போன கிடார்

துலூத் நகரில் ஏரி உறைந்து கிடந்த வாரம்
ஒரு பேஸ் கிடாரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள்
ஐலி கொர்பெலா, தாதுக்கப்பல் துறையில் கிரேன் ஓட்டுகிறவள்.
"எந்த வருஷம் என்று மட்டும் சொல்லுங்கள்."

மட்டுமாம்.

கழுத்தைக் கழற்றினேன்.
அடிக்கட்டையில் பென்சில் எழுத்து: அறுபத்து நான்கு, மார்ச்.
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
அழியவில்லை.
பென்சில் மாதிரி அச்சடித்த தேதி.

ஹால்டன் கம்பெனி முதலில் இதற்குக் காமெட் என்று பேர் வைத்தது.
காமெட் எங்கள் அடுப்பின் பேர் என்று
எவனோ வக்கீல் நோட்டீஸ் விட்டான்.
அச்சான பட்டைகளைத் தூக்கிப்போட மனசில்லை,
பேரை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினார்கள்.
எட்டு மாதம் அனாமதேயமாய் விற்றது.
இன்றைக்கு அதற்குத்தான் விலை.
பேர் போனதால் பேர்போனது.

அப்புறம் மெரிடியன்.
மெரிடியன் டூ வந்த அன்றுதான்
பழையதற்குத் தான் 'ஒன்று' என்று தெரிந்தது.
எழுபதுகளில் அந்தப் பேரை எடுத்து வேறோர் உடம்புக்கு மாட்டினார்கள்.
எண்பத்து மூன்றில் பழைய உடம்பைத் திரும்பச் செய்து
அறுபத்து நான்கு என்று கூப்பிட்டார்கள்.
அது ஆண்டு அல்ல, இடுகுறிப் பெயர்;
காரணம் கேட்கக் கூடாது.
போன வருஷம் வந்திருப்பது
எண்பத்து மூன்றின் அறுபத்து நான்கு.

இதில் எதையும் அவள் கேட்கவில்லை.
கம்பிகளுக்கு மேலே ஒரு திருகுத் துளையைக் காட்டினாள்.
"இது அப்பா போட்டது.
துறையில் பாதிக் கட்டைவிரல் போனபிறகு
இங்கே ஒரு மரத்துண்டைத் திருகி, கையை ஊன்றி வாசிப்பார்.
எழுபத்தொன்பது வேலைநிறுத்தத்தில் விற்றார்.
துளையைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

சுவரிலிருந்து இன்னொன்றை எடுத்து
அவள் முன்னால் வைத்தேன்.
அதே இடம். அதே துளை.

எண்பத்து மூன்றில் கம்பெனி கையில் ஓர் அசல்கூட இல்லை.
ஏதோ அடகுக்கடையில் ஒன்றைப் பிடித்து
மயிரிழை பிசகாமல் அளந்தார்கள்,
துளை உட்பட.
நாலாயிரம் கிடார்.
கட்டைவிரல் முழுசாக உள்ளவர்கள்
அது எதற்கென்று வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள்:
ஈரம் காய என்றான் ஒருவன்,
மரம் மூச்சுவிட என்றான் இன்னொருவன்.

சுண்டுவிரலை இதில் வைத்தாள். பிறகு அதில்.
இரண்டிலும் நகம்வரைதான் போயிற்று.

"அப்படியென்றால் அவருடையது?"

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

வெளியே உப்பு லாரி ஒன்று போய் மறையும்வரை
பேசாமல் இருந்தாள்.
"ஒரு மரத்துண்டு இருக்குமா?"

மேப்பிள் துண்டு ஒன்று கிடந்தது.
அவளே திருகினாள். கச்சிதமாய் உட்கார்ந்தது.
நாலாயிரத்தில் ஒரு துளைக்கு
காரணம் கிடைத்துவிட்டது.

கூலி பன்னிரண்டு டாலர்.
ரசீதில் 'ஆண்டு' என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.