மேற்கே ஒரு சுவர்

மண்டூர்த் தெருவில் மணல் டிப்பர் ஒன்று
போகிற போக்கில் துப்பிய கல்
எள்ளளவு.
அன்று பகல் அது வெறும் புள்ளி.
வெள்ளிக்கிழமை ஒரு விரற்கடை.
சம்பள நாளன்று
என் பக்கத்து மூலையைத் தொட்டுவிட்டது.
விரிசலுக்கு மேலே தெரியும் மாட்டின் முதுகும்
கீழே தெரியும் அதன் கால்களும்
அரை அங்குலம் பொருந்தாமல்
ஒரு மாதம் ஓடினேன்.

மருதமுனைச் சிப்லி தொலைபேசியில் கேட்டார்:
"கண்ணாடிக்கு மேல நீலப் பட்டி இரிக்கா?
நடுக் கண்ணாடிக்குப் பின்னால கறுப்புப் பெட்டி?
ஏரியல் கம்பி உள்ளுக்கா, வெளியாலயா?"
ஏழு வருடம் அதற்குள்ளால் பார்த்தவள்
அதைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கம்.
பொறுங்கோ என்றேன்.
கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு
வெயிலுக்குள் ஓடினேன்.
பட்டி இருந்தது. பெட்டி இல்லை.
ஏரியல் மயிரிழையாய்க்
கண்ணாடிக்குள்ளேயே கிடந்தது.

"நாளைக்கி உங்கட கந்தோருக்கே வாறன் மிஸ்.
தரை மட்டமா இரிக்கோணும்,
ரெண்டு கதவும் விரியத் திறக்கோணும்.
மரத்துக்குக் கீழ வேணாம்,
பூ உழுந்து பசையில ஒட்டும்.
கூரை வேணும். மறுகா,
கச்சான் புழுதி பொல்லாதது,
மேற்கால ஒரு சுவர் வேணும்."

களுவாஞ்சிக்குடி நீர்ப்பாசனக் கந்தோரில்
வேம்பு நாலு நிற்கிறது.
மேற்கே சுவரும் மேலே தகரமும் உள்ள இடம்
ஒன்றே ஒன்று,
எந்திரி சேரின் கொட்டகை.
அதற்குள் இரண்டு வருடமாய் உயிரில்லாத ஜீப்.

பன்னிரண்டு வருடத்தில் சேரிடம் நான் கேட்டவை:
கையொப்பம், கையொப்பம்,
இன்னும் ஒரு கையொப்பம்.
"எழுத்தில தாருங்கோ" என்றார்.
எழுதினேன்: கொட்டகை, அரை நாள், கண்ணாடிக்காக.
வாசித்தார். ஒப்பமிட்டார்.
பிறகு கையை மடித்துக்கொண்டு
தள்ள வந்துவிட்டார்.

காற்றுப்போன நாலு டயர்.
தட்டச்சுக்கார ஹஸ்னா ஒரு பக்கம்,
வரைபடக்கார வினோகாந் ஒரு பக்கம்,
காவலாளி கோபாலரெத்தினம் சுக்கானில்.
ஏலோ என்று ஒருவர் சொல்ல
எல்லாருக்கும் சிரிப்பு வந்து
ஜீப் அசைய மறுத்து
பின்பு
ஒரு கிழட்டு எருமைபோல எழுந்து நடந்தது.

அது கிடந்த இடத்தில்,
எண்ணெய்க் கறைக்கு நடுவே,
பதிவறைத் திறப்பு.

தொலைந்தது என்று பூட்டை உடைத்து
விசாரணை வைத்து
கோபாலரெத்தினத்தின் சம்பளத்தில்
மூன்று மாதம் வெட்டிய திறப்பு.
வெட்டியது என் பேனை.

யாரும் பேசவில்லை.
சேர் மடித்த கையை இறக்கிவிட்டார்.
அவன் குனிந்து எடுத்தான்,
காற்சட்டையில் துடைத்தான்,
என் உள்ளங்கையில் வைத்தான்.
"மிஸ், இத எந்தக் கணக்குல போடுற?"

காரைக் கொட்டகைக்குள் விட்டேன்.
இன்னும் வேலை இருந்தது.
வருமான அனுமதிப் பத்திரத்தை
வங்கி அட்டையால் சுரண்டி,
கிழியாமல், மூச்சைப் பிடித்து, உரித்தேன்.
காப்புறுதித் துண்டு பாதியாய்த்தான் வந்தது.
டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைத் தூக்க
அவர் இருந்த வட்டம் மட்டும்
வாங்கிய நாளின் கறுப்பு.
பெற்றோல் பற்றுச்சீட்டுகள்,
ஒற்றைத் தோடு,
யாருடையதோ கல்யாணக் கடிதம்,
எல்லாம் ஒரு சீனிப் பையில்.
திறப்பைப் போடவில்லை.
அது கையிலேயே இருந்து
வேர்த்தது.

கச்சான் சுவரில் மோதித் திரும்பிற்று.
தொலைபேசி:
"கல்லாத்துப் பாலத்துல நிக்கன் மிஸ்,
கண்ணாடி பத்திரமா இரிக்கி.
ஒட்டினாப்பொறகு
கதவ அடிச்சிச் சாத்தப்படாது,
ஒரு நாளைக்கி
கார் கழுவவும் ஏலா."

சரி என்றேன்.
மூன்று மாதத்தையும் கூட்டிப் பார்த்தேன்.
திருப்பிக் கொடுக்க ஒரு படிவம் இருக்கும்.
அதற்கும் ஒரு கையொப்பம் வேண்டும்.

வாசலில் வானின் ஹோர்ன் கேட்டது.
இருக்கையில் இருந்தபடி பார்த்தேன்.
கேற்றைத் திறக்கக்
கோபாலரெத்தினம் நடந்து போகிறான்,
தலை விரிசலுக்கு மேலே,
உடம்பு கீழே,
அரை அங்குலம்
பொருந்தாமல்.