நிரை, நிறை

இரவு பத்துக்கு ஆலையின் கொதிகலன்
ஒருமுறை இருமும்.
அதற்குப் பிறகுதான் எழுத உட்காருவேன்.

எடைமேடைக் கூண்டில், மேசைக்கடியில்
இன்னும் உயிரோடு ஓர் இஸட்-எண்பது.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
"ஓடுதுல்ல, விடு" என்பது
கோலக்கெட்டில் முழுக்கச் செல்லும் சட்டம்.

கைவிரலில் எண்ணிவிடலாம் பதிவகங்களை.
இதற்குப் போய் ஒரு மொழியா என்று
லாரிக்காரர் பொன்ரங்கம் சிரித்தார்.

அசெம்பிளியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
ஒரு சப்ரூட்டீன் உள்ளே போகும்,
எச்-எல்லில் நான் வைத்ததைக் கொட்டிவிட்டுத்
தன்னுடையதை நிரப்பித் தரும்,
இரவல் போன வாளி மாதிரி.

என் மொழியில்
எதைத் தொடுவேன் எதைக் கெடுப்பேன் என்று
வாசலிலேயே சொல்லாதவருக்கு வேலை இல்லை.
அடுக்கில் தள்ளியதையெல்லாம் திரும்ப எடுத்தாயா,
எண்ணிப் பார்த்த பிறகே அனுப்பும்.
ஓடும்போது கேட்க அந்தச் சில்லில் இடமில்லை;
ஓடுமுன் கேட்டுவிட வேண்டும்,
இருட்டோடு பெரட்டில் பேர் கூப்பிடுவது போல.

நான்கு மாதம்.
தே தாரிக் ஆடை கட்டி ஆறிய இரவுகள்.
பழைய எடை நிரலை இதற்கு மாற்றினேன்.
பகுப்பாய்வி முதல் தடவையே மறுத்தது:
வரி நாற்பத்தொன்று.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழைத் தாண்டினால்
இந்த எண் கழித்தலுக்குள் விழும்.

தாண்டாது என்றேன்.
அதன் வாயை அடைக்க நானே ஒரு சொல் வைத்திருந்தேன்:
நம்பு.
'நம்' வரை அடித்து விரல் நின்றது.

பொன்ரங்கத்தைக் கேட்டேன்.
லாரியும் குலையுமா முப்பத்து மூணு டன் வந்ததுண்டா?

"மழைக்காலத்துல வரும் தங்கச்சி.
அன்னிக்கெல்லாம் ஒங்க மெசின் கிறுக்காயிடும்.
ஹஸ்னா கையால எழுதிக் குடுப்பா,
முப்பத்திரண்டுன்னு."

சொல்லிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார்.

எண்ணின் குறியை நீக்கினேன்.
மறுபடியும் மறுத்தது:
வரி எழுபது.
நிரை கேட்ட இடத்தில் நிறை.
என் வாயில் இரண்டும் ஒன்றுதான்,
பள்ளியிலும் இதற்கே அடி வாங்கினேன்.
அதற்கு ஒன்றில்லை.
ஒன்று, வரிசையாய் நிற்கும் எண்கள்.
மற்றது, ஒரு லாரியின் கனம்.

வெள்ளிக்கிழமை, நனைந்த குலைகளோடு ஏறியது வண்டி.
33120.
பொன்ரங்கம் கைப்பேசியில் படம் பிடித்தார்,
சில்லை அல்ல, எண்ணை.
பிறகு கேட்டார்:
"அப்ப அந்தப் பழைய ஆயிரங்க?"

வரி எண் எதுவும் வரவில்லை.