கயிற்றின் மறுமுனை

கூஃபாவிலிருந்து வந்த புது அதிகாரிக்கு
எழுத்துத் தெரியாது. அதனால் நான்.
பாரசீகருக்குக் கணக்கெழுதிய அதே நாணல்,
அதே மைக்கூடு,
சம்பளம் மட்டும் இரண்டு திர்ஹம் குறைவு.

நுமைர் இப்னு கிர்வாஷ்.
நபிகளைக் கண்ணால் கண்டவர் என்று
கூட வந்த பையன்கள் குரல் தாழ்த்திச் சொன்னார்கள்.
நான் கண்டது,
ஒட்டகத்தை விட்டு இறங்குகையில்
இடது காலை இரு கையாலும் தூக்கி
ஒரு பொருளைப் போலத் தரையில் வைத்ததை.

வாய்க்கால் வாய்க்காலாக நடந்தோம்.
கயிற்றின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்.
கோதுமைக்கு இவ்வளவு, பேரீச்சைக்கு இவ்வளவு.
ஷம்மூனி என்கிற கைம்பெண் வழிமறித்தாள்:
"மண் செத்துப்போச்சு, எதை அளக்கிறீர்?"
அவள் மொழியை அரபியாக்க நான் வாயெடுக்குமுன்
குனிந்து ஒரு சிட்டிகை அள்ளி
நாக்கில் வைத்தார்.
துப்பவில்லை.
"உப்பு. ஒன்றும் எழுதாதே."

பழைய வாய்க்கால் திரும்பும் இடத்தில் ஒரு மேடு.
முழங்கால் உயரம் புல்.
கயிற்றை இழுத்தேன். வரவில்லை.
திரும்பிப் பார்த்தால்
கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்.
"இதை விடு."

ஏன் என்று கேட்பது கணக்கன் வேலையல்ல.
கேட்கவும் தேவையில்லை.
எட்டு வருஷம் முன்பு, யானைகள் மிரண்ட பகலில்,
என் தம்பி ஸப்ரீஷூ இந்தக் கரையில் நின்றான்.
மண்வெட்டி பிடித்த பையன்.
ஈட்டி பிடித்தது மூன்றே நாள்.

அவர் எந்தக் கரையில் நின்றார் என்பதை
அந்தக் கால் சொல்லிற்று.

அஸர் நேரம். வாய்க்காலில் ஒளு செய்து
மேட்டை விட்டு வெகுதூரம் தள்ளிப்போய்த் தொழுதார்.
முடிந்தும் எழவில்லை.
காலாக இருக்கலாம்.
போய்க் கை நீட்டினேன். பற்றிக்கொண்டார்.
கனமான ஆள்.

வசூல் போதவில்லை என்று
மறு வருஷமே திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.
கொண்டுவந்த சேணம், கொண்டுவந்த மரக்கிண்ணம்,
புதிதாக ஒரு கம்பளி.
அதற்கு அவர் காசு கொடுத்ததற்கு நான் சாட்சி.

இப்போது வந்திருப்பவர் படித்தவர்.
ஏட்டில் விரல் வைத்து வாசிக்கிறார்:
"மேடு. நாற்பது முழம். வரி விலக்கு.
காரணம்... உப்பு."
தலையாட்டிப் பக்கம் புரட்டுகிறார்.

நான் எழுதியதுதான். பொய்தான்.
நேரில் போய்ப் புல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
ஆனால் இவர்
மண்ணை நாக்கில் வைக்கிற ஆளில்லை.