பதினோரு கையெழுத்து

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் வண்டிக்கொட்டகையில்
அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபார்கோ பிக்கப்.
விலை பேச ஐந்து நிமிஷம்.
பங்காளிகளின் கையெழுத்துக்கு ஒன்பது மாதம்.
பினாங்கிலிருந்து ஒன்று கூரியரில் வந்தது.
வேளச்சேரிக்காரர் முகச்சவர நுரையோடு கதவைத் திறந்து போட்டார்.
பதினோராமவர் மட்டும்
பேனாவை மூடுவதும் திறப்பதுமாக
ஒரு மத்தியானத்தை ஓட்டினார்.

கொண்டுவந்து பானெட்டைத் தூக்கினால்
என்ஜின் இல்லை.
துருப்பிடித்த நாலு போல்ட்,
வைக்கோல், முட்டை ஓடு.
எந்தக் கோழியோ அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது.
போன் போட்டுக் கேட்டேன்.
ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேரைச் சொன்னார்கள்.

காரைக்குடியில் கல்யாணப் பாத்திரம்
வாடகைக்கு விடுகிறவள் நான்.
கண்காட்சிக்கு வைக்க வண்டி வாங்கவில்லை.
நாற்பது படி அண்டா ஏற வேண்டும்,
முகூர்த்தத்துக்கு முன்னால் இறங்க வேண்டும்.

'இதுக்குப் பெட்ரோல் என்ஜின் தேடினா
தேடிக்கிட்டேதான் இருப்பே கண்ணாத்தா'
என்றார் ஜபருல்லா.
திருமயம் வளைவில் தொண்டி மீன்வண்டி ஒன்று கவிழ்ந்திருந்தது.
வண்டி அப்பளம்.
டீசல் என்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை.

கியர்பாக்ஸ் ஃபார்கோ. என்ஜின் மஹிந்திரா.
ஒன்றின் துளைக்கு நேரே
மற்றதன் துளை வரவே வராது,
முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் மாதிரி.
லூர்து லேத்தில் மூன்று நாள் நின்று
நடுவே வைக்க ஒரு தகடு கடைந்தான்.
தகட்டோடு சேர்த்தால் நீளம் இரண்டரை அங்குலம் இடித்தது.
டேஷுக்கு முன்னால் இருக்கிற தகரச்சுவரை வெட்டணும் என்றார் ஜபருல்லா.
வெட்டாதே என்றேன்.
ரேடியேட்டரை முன்னால் தள்ளவா என்றார்.
மூஞ்சி கெட்டுவிடும் என்றேன்.
ஒரு வாரம் பட்டறையில் டீ மட்டும் ஓடியது.
எட்டாம் நாள் சாக்பீஸை எடுத்து
நானே கோடு போட்டேன்.
கோணல்.
கோணலாகவே வெட்டினார் மனுஷன்.

கதவில் வீட்டு விலாசம், ஐந்து எழுத்து, மங்கல்.
சுரண்டவா என்றான் பெயிண்டர்.
என்ஜினை விற்றவன் யாரென்று தெரியட்டும்,
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.
இன்றுவரை தெரியவில்லை.
கதவைத் தவிர மற்றதெல்லாம் பச்சை.

டீசல் லைனில் காற்று அடைத்திருந்தது.
நட்டைத் தளர்த்தி
கைப்பம்பை அமுக்கினேன்.
நுரை, நுரை, குமிழி,
குமிழிக்குள் இன்னொரு குமிழி,
அப்புறம் ஒன்றுமில்லாமல் வெறும் டீசல்
நூல் பிடித்தது மாதிரி.
'மூடு, மூடு' என்று கத்தினார்.
மூடினேன்.
மூன்றாம் முறை பற்றிக்கொண்டது.
மேலே ஓட்டில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது.

சூடேறினால் மீன் வாடை.
கழுவியாயிற்று, மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று,
போகவில்லை.
ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று எழுதியிருந்ததை
டீசல் என்று மாற்ற
ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன்.
வாடையை மாற்ற எந்த ஆபீசும் இல்லை.

தேவகோட்டைக் கல்யாணத்துக்கு ஏற்றிய அன்று
டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.
'இது என் வண்டிச் சத்தம்ல.'
நைனா முகம்மது, தொண்டி.
இடது முட்டியில் கம்பி வைத்திருக்கிறது.
கிளட்ச் மிதிக்க முடியாது என்றார்,
நான் கேட்காமலே.

ஏறுங்க என்றேன்.
நான் மிதித்தேன்.
பக்கத்தில் உட்கார்ந்து அவர் கியர் போட்டார்.
முதல் கியர் விழுந்தது.
இரண்டாவதுக்கு
அவர் கை தன்னால் போன இடத்தில்
ஃபார்கோவின் இரண்டாவது இல்லை.
பல்லைக் கடித்தது கியர்பாக்ஸ்,
பின்னால் அண்டா எல்லாம் ஒன்றோடொன்று மோதித்
தெருவே திரும்பிப் பார்த்தது.

'மாத்தி வச்சிருக்கியேம்மா' என்றார்.
இன்னொரு தரம் மிதித்தேன்.
அவர் தேடிக்கொண்டிருந்தார்.