இருபத்தோராம் நாள்

குருநாகலில் இருந்து பெட்டியில் வந்த குஞ்சுகள்
ஏ-ஒன்பதின் குலுக்கலை
இன்னும் காலில் வைத்திருந்தன.
நூற்றிருபது. பன்னிரண்டு கூடு.
ஒவ்வொரு காலிலும் ஓர் இலக்க வளையம்.

அறிவியல்நகர் வெயிலில் கூரைத் தகரம் முறிய
தீன் கலந்தேன்.
எள்ளுப் புண்ணாக்கில் லைசின் போதாது,
உழுந்து நொய்யில் மெதியோனின் போதாது.
தனித்தனியே இரண்டும் கடன்காரர்;
சேர்த்துக் கலந்தால் ஒரு கால் எழும்பும் என்று
ஆய்வு முன்மொழிவில் எழுதியிருந்தேன்,
கொஞ்சம் நாகரிகமான சொற்களில்.

சுண்ணாம்பைக் கொட்டினால் எலும்பு வரும் என்பார்கள்.
வராது.
பயற்றங்கொடி ஏற முதலில் தடி நட வேண்டும்.
தடியைப் புரதம் நடுகிறது,
சுண்ணாம்பு பிறகுதான் படர்கிறது.
இந்தச் சாதிக்கோ இறைச்சிதான் அவசரம்.
எலும்பு,
முல்லைத்தீவுக் கடைசி பஸ்ஸுக்குப் பின்னால்
கைகாட்டிக்கொண்டு ஓடிவரும் ஆள்.

மூன்றாம் கூட்டுக்கு எள்ளு மட்டும்.
பதினைந்தாம் நாள் அதில் நாலு குஞ்சு
கணுவை ஊன்றித்
தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போயின.
குறித்துக்கொண்டேன்: நடை, தரம் நாலு.

இருபத்தோராம் நாள்
கால் எலும்பைக் கழற்றி, உலர்த்தி,
அறுநூறு பாகை உலை.
மிஞ்சும் சாம்பலின் நிறைதான் விடை.

மூசைகளைக் கழுவி அடுக்குவது
தங்கரூபி அக்கா. கேப்பாப்புலவு.
ஒரு வளையத்தில் இலக்கம் அழிந்திருந்தது.
"விடுங்கோ அக்கா,
நூற்றுப்பத்தொன்பது போதும்,
ஒண்டு குறைஞ்சால் கணக்குச் சாயாது."
உலைக் கதவில் கை வைத்தபடி நின்றா.
"ஆரெண்டு தெரியாமல் உள்ளுக்கு வைக்காதீங்கோ."

வேறொன்றும் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

நிறைக் கொப்பியைத் திறந்து
ஒவ்வோர் இலக்கமாய் வெட்டிக்கொண்டு போனோம்.
அவ வாசிக்க நான் வெட்ட.
இடையில் கரண்ட் போனது,
கைபேசி வெளிச்சத்தில் தொண்ணூறு தாண்டினோம்.
பிழைத்தது ஒருதரம்; திரும்பவும் ஒன்றிலிருந்து.

மிஞ்சியது இருபத்தேழு.
மூன்றாம் கூடு.
கணுவில் நடந்த நாலில் ஒன்று.
மூசையின் அடியில் பென்சிலால்
அழுத்தி எழுதினா, 27,
பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து.

விடிய உலை ஆறியபின்
சாம்பல் பறக்காமல் இருக்க
மின்விசிறியை நிறுத்தினோம்.
தராசின் கண்ணாடிக்குள்
இலக்கங்கள் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றன:
தசம் ஐந்து எட்டு கிராம்.

இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா.