கல்லடிக்கு வந்த நீலம்

முதலில் நுளம்புத்திரியை நிறுத்தினோம்.
புகை அதன் நெஞ்சுக்கு ஆகாதாம்.
டெங்குக் காலம். இரண்டு வலை வாங்கினோம்,
ஒன்றில் ஓட்டை.
ஒட்டாத சட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.
சூடேறினால் மணமில்லாத நஞ்சு கக்கும்,
பறவைக்குத்தான் முதலில் தெரியும் என்றார்கள்.
இனி முட்டை அடிப்பிடிக்கும்.
பிடிக்கட்டும்.

ஐஸ் கொம்பனியில் இரவு வேலை முடித்து வந்து
நித்திரை கொள்ளாமல் கம்பி வெட்டினான் புவிதரன்.
நாகம் பூசின கம்பி, கொத்தினால் விஷம்,
வினாகிரி ஊற்றி மூன்றுதரம் கழுவு என்றான்.
கழுவினேன்.
கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது
ஒருதரம்கூட யாரும் கழுவியிருக்கவில்லை.

குந்துவதற்குக் கொய்யாக் கொப்பு.
ஒரே தடிப்பென்றால் கால் நோகுமாம்.
மெல்லிசு ஒன்று, மொத்தம் ஒன்று,
கோணல் ஒன்று தேடி
தபால் கந்தோருக்கு அரை மணி பிந்திப் போனேன்.

மருதமுனையில் ஜெஸ்மியா வீட்டில்
பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன.
வெள்ளிக்கிழமை பிளேன்.
ஆறு வருசமாய்த் தோஹாவில் புருசன்.
"பச்ச இல்ல, நீலம். கூட்டுலயே பொறந்தது" என்றாள்.
பேர்?
"பேரெல்லாம் வெக்கல்ல.
இஞ்சேருங்கண்டா திரும்பிப் பாக்கும்."
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பேசுமா?
"பேசாது. கேக்கும்."

காசை எண்ணவில்லை அவள்.
தன் பழைய சால்வையால் கூட்டை மூடித் தந்தாள்.
ஆட்டோ கிளம்பியபோது
கேற்றடிக்கு வரவில்லை.

பெரிய நீலாவணையில்
ஒருதரம் உடம்பைச் சிலிர்த்தது நீலம்.
களுவாஞ்சிக்குடியில் என் மடியெல்லாம் எச்சம்.
கிரான்குளம், தாழங்குடா,
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
கூட்டை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன்.
காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சைகள்
வரிசையாய் வந்தபோது
சால்வையை விலக்கிக் காட்டினேன்.
பார்க்கவில்லை.
என் மூக்குத்தியைப் பார்த்தது.

ஒன்பது நாள் ஒரு சத்தமில்லை.
சூரியகாந்தி விதையைத் தொடவில்லை,
பயத்தங்காயை மட்டும் கீலம் கீலமாய்க் கிழித்து
கீழே போட்டது.
புவிதரனின் பெருவிரலில் கொத்தியது.
"ஊமையை வாங்கியிருக்கோம்" என்று
இரத்தத்தைச் சப்பிக்கொண்டே சொன்னான்.
அதுதான் அந்தக் கிழமை
அவன் என்னோடு கதைத்த பெரிய கதை.

பத்தாம் நாள் கரண்ட் போனது.
அவனுக்கு அன்று லீவு,
வலைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.
இருட்டில் நான்
வழமைபோல யாருக்கென்றில்லாமல் சொன்னேன்:
இண்டைக்கு ஒரு மனிசி
முத்திரையைத் தலைகீழாய் ஒட்டிப்போட்டுச் சண்டை.

"ம்" என்றது கூடு.

என் வாய் உலர்ந்தது.
போஸ்ட் மாஸ்டர் உள்ளே போய் ஒளிச்சிட்டார் என்றேன்.

"ம்."
கொஞ்சம் பொறுத்து, ஒரு பெண் குரலில்,
"பொறகு?"

அது ஜெஸ்மியாவின் குரல்.
ஆறு வருசத்து இரவுகளில்
கடல் தாண்டி வந்த பேச்சு இதற்குக் கேட்டிருக்காது.
இந்தப் பக்கத்து "ம்"மும்
இந்தப் பக்கத்து "பொறகு"மே கேட்டிருக்கும்.

சொன்னேன்.
பிந்திப் போனதைச் சொன்னேன்.
மூக்குத்தியின் ஒரு கல் ஆடுவதை,
அம்மாவுக்குக் கோல் எடுக்காமல் விட்டதை,
குழந்தை இல்லையா என்று கவுண்டரில் கேட்ட ஆளை,
அவருக்கு நான் மிச்சக்காசைப்
பிழையாய்க் கொடுத்ததை.

"பொறகு?"

பிறகு ஒன்றும் மிச்சமில்லை.
கத்தரிக்காய் கிலோ அறுநூறாம் என்றேன்.

கூடு பேசாமல் இருந்தது.
வலை அசைந்தது.
சுவர்ப்பக்கமிருந்து புவிதரன்,

"எவ்வளவெண்டு சொன்ன நீ?"